எல்லாருக்கும் முதல் பேர்

இல்ல அண்ணாச்சி, பை மடியிலயே இருக்கட்டும். மேல வச்சு, இவன் பிரேக் போடும்போது யார் தலையிலயாவது விழுந்துச்சுன்னா அவங்களுக்கு மண்டை வீங்கும், எனக்கு ஆபீஸ் உடைஞ்சிரும். ஆமா, உள்ள இருக்கிறது என் ஆபீஸ்தான். ஒரு லேப்டாப், ஒரு சார்ஜர், ஒரு தண்ணி பாட்டில். மேனேஜரும் நான்தான், பியூனும் நான்தான்.

வெப் டெவலப்பர். தனியா பண்ணுதேன், கம்பெனி கிம்பெனி கிடையாது. கம்ப்யூட்டர் ரிப்பேரான்னு கேக்காதீங்க, அதை எல்லாரும் கேட்டாச்சு. நீங்க போன்ல ஒரு கடைப் பேரைத் தட்டுனா அவங்க பக்கம் திறக்கும்லா? படம், விலாசம், போன் நம்பரு எல்லாம் வரும்லா? அதைக் கட்டுறது என் வேலை. எட்டு வருஷமா கோவில்பட்டியில வீட்டுல இருந்தே பண்ணுதேன். இப்ப விருதுநகர்ல ஒரு பருப்பு மில்லுக்காரரைப் பாக்கத்தான் போறேன். அவருக்கு அவரு மில்லு சுத்திச் சுத்தி ஓடுற மாதிரி பக்கம் வேணுமாம்.

வீட்டுல இருந்து வேலை பாக்குறதுல ஒரு சங்கடம் என்னன்னா, வேலை பாக்குறேன்னு ஒருத்தரும் நம்பமாட்டாங்க. எங்க வீட்டம்மா கோமதி டீச்சரு. காலையில எட்டரைக்குப் பள்ளிக்கூடம் போயிருவா. அப்புறம் தெருவுல பகல்ல இருக்குற ஒரே ஆம்பளை நான்தான். அதனால தெரு முழுக்க வாற பார்சல் எல்லாம் நம்ம வீட்டுக்குத்தான். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரங்க பேங்க்ல இருந்து வந்த ஆளு என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போறான். கோயமுத்தூர்ல ஒரு கிளையண்டு, அவரு கூட பேசிட்டு இருக்கும்போது நம்ம குக்கரு மூணு விசில் அடிச்சிருச்சு. "சார், உங்க ஆபீஸ்ல கேன்டீன் உண்டா?"ன்னாரு. "உண்டு சார், நல்ல கேன்டீன்"னுட்டேன். பொய்யா அண்ணாச்சி? சமைச்சது நான்தானே.

என் மக தாமரை ரெண்டாங் கிளாஸ் படிக்கா. பள்ளிக்கூடத்துல அப்பா என்ன பண்ணுதாருன்னு கேட்டாங்களாம். "வீட்டுல இருக்காரு, சும்மா இருக்கமாட்டாரு"ன்னு சொல்லிட்டு வந்துருக்கா. அதுவாவது பரவாயில்ல. எங்க மாமனாரு, சுடலைமுத்துன்னு பேரு, கரண்ட் ஆபீஸ்ல போர்மேனா இருந்து ரிடயர்டு ஆனவரு. அவரு கணக்குல கம்பத்துல ஏறுனாத்தான் வேலை. சொந்தக்காரங்க மத்தியில என்னை எப்படி சொல்லுவாரு தெரியுமா? "மூத்த மருமகன் கம்ப்யூட்டர்ல இருக்காரு"ம்பாரு. ஏதோ நான் அந்தப் பொட்டிக்குள்ள குடியிருக்க மாதிரி.

நான் அதெல்லாம் பெருசா எடுத்துக்கிடமாட்டேன். எனக்குப் பேரு, மரியாதை இதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல. அந்த விஷயத்துல நான் வேற மாதிரி ஆளு. நான் கட்டுற ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசியில அடியில "உருவாக்கம்: செந்தூர்பாண்டி"ன்னு ஒரு வரி வரும், அவ்வளவுதான். சின்ன எழுத்துதான். ஒரு பல் டாக்டரு அதை எடுக்கச் சொன்னாரு. எடுத்துட்டேன். எடுத்துட்டு அவரு போன் பண்ணா ரெண்டு மாசம் எடுக்கல. அது தொழில் தர்மம், வேற.

பேருன்னு சொன்னதும்தான் ஞாபகம் வருது. ஒரு பேருக்காக மனுஷங்க என்ன பாடு படுத்துவாங்கங்கிறதைப் போன ஆவணியில கண்ணால பாத்தேன். விருதுநகர் வாறதுக்கு நேரம் இருக்குல்லா, சொல்லுதேன் கேளுங்க.

என் கொழுந்தியா செல்விக்குக் கல்யாணம். மாமாவுக்கு ரெண்டும் பொண்ணு, கோமதி மூத்தவ, இவ இளையவ. மாப்பிள்ளை தென்காசி. நான் யோசிச்சேன். எட்டு வருஷமா இந்த வீட்டுல என் வேலை என்னன்னு யாருக்கும் தெரியல. இந்தக் கல்யாணத்துக்கு இணையத்துல ஒரு பத்திரிகை போட்டுக் குடுத்தா தெரிஞ்சிரும்லா. அச்சடிச்ச பத்திரிகை சம்பிரதாயத்துக்கு இருக்கட்டும். இது போன்ல திறந்தா நாதஸ்வரம் வாசிக்கும், செல்வி படம் வரும், மண்டபத்துக்கு வழி காட்டும், முகூர்த்தத்துக்கு இன்னும் எத்தனை நாளுன்னு ஓடிக்கிட்டே இருக்கும். மாமாகிட்ட சொன்னேன். "கம்பி எங்க இழுக்கணும்?"னு கேட்டாரு. "கம்பி எல்லாம் வேண்டாம் மாமா"ன்னேன். "அப்ப சரி"ன்னாரு.

பத்திரிகைன்னா "தங்கள் நல்வரவை விரும்பும்"னு சொந்தக்காரங்க பேரு வரணும்லா. அந்தப் பட்டியலை எங்க அத்தை, அதான் மாமியாரு, ஒரு நோட்டுல எழுதிக் குடுத்தாங்க. நான் போன்ல போட்டோ எடுத்துக்கிட்டேன். மொத்தம் எழுபத்தோரு பேரு. உக்காந்து எல்லாத்தையும் டைப் அடிச்சேன். அடிச்சு முடிச்சுப் பாத்தா ஒரு ஒழுங்கே இல்ல. வே-க்கு அப்புறம் சு, அப்புறம் மா, அப்புறம் மறுபடியும் சு. எங்க தொழில்ல அது கண்ணை உறுத்தும் அண்ணாச்சி. கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு வரி கட்டளை எழுதுனேன். எழுபத்தோரு பேரும் அகர வரிசையில வந்து நின்னுட்டாங்க. அகராதி மாதிரி அம்சமா இருந்துச்சு.

கோமதி அடுப்படியில இருந்து, "அம்மா எழுதுன மாதிரியே போடுங்க, மாத்திறாதீங்க"ன்னு சொன்னதா இப்ப சொல்லுதா. நான் காதுல ஹெட்போன் மாட்டியிருந்தேன். தலையை ஆட்டிருப்பேன், அது உண்மைதான். கிளையண்டு கூடப் பேசி பேசி எனக்கு அந்தப் பழக்கம் வந்துட்டு.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பாத்து லிங்க்கை நானூறு பேருக்கு அனுப்புனோம். பத்து நிமிஷத்துல நாலு பேரு கட்டை விரல் தூக்குனாங்க. எனக்கு நெஞ்சு நிமிந்துட்டு. பதினஞ்சாவது நிமிஷம் மாமாவுக்கு விளாத்திகுளத்துல இருந்து போன். அவரு "ம்"முன்னாரு, "இல்ல மச்சான்"னாரு, "மச்சான் மச்சான்"னாரு. அங்கிட்டு வச்சாச்சு.

பேசுனது வேலாயுதம். அத்தையோட கூடப்பிறந்த அண்ணன். செல்விக்குத் தாய்மாமா, எனக்கு முறைக்குப் பெரியப்பா. விளாத்திகுளத்துல மிளகாய் வத்தல் மண்டி வச்சிருக்காரு. தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாத்தான் எங்க பக்கம் பொண்ணு மணவறை ஏறுவா. அப்பேர்ப்பட்ட ஆளு பேரு வே-யில ஆரம்பிக்குதா, அகர வரிசையில அறுபத்தொன்பதாவது போயிட்டாரு. அவருக்குக் கீழ ரெண்டே பேரு. ஹரீஷ், ஹன்சிகா. ரெண்டும் எல்.கே.ஜி.

அதுகூடப் பெருசில்ல. முதல் பேரு யாருதுன்னு கேளுங்க. அய்யாத்துரை. மாமாவுக்குப் பங்காளி. விளாத்திகுளத்துல வேலாயுதம் பெரியப்பா மண்டியும் அய்யாத்துரை உரக்கடையும் ஒட்டுனாப்புல இருக்கு. நடுச்சுவரு யாருதுங்கிறதுல கேஸ். பதினோரு வருஷமா ரெண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்ல. ஒருத்தரு கடை திறக்கும்போது இன்னொருத்தரு திரும்பி நின்னுக்கிடுவாரு. நான் அந்த அய்யாத்துரையைக் கொண்டு போய் உச்சியில வச்சிருக்கேன்.

"முதல் பேரு யாரு போட்டிருக்கோ அவனையே மாலை போட்டுக் கூட்டிட்டு வரச் சொல்லு"ன்னுட்டாராம் பெரியப்பா. அத்தை அழ ஆரம்பிச்சுட்டாங்க. செல்வி ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டா. மாமா என்கிட்ட ஒண்ணும் சொல்லல. ஃபேனைப் பாத்து சொன்னாரு: "மாமன் கையைப் பிடிக்காம என் பொண்ணு மணவறைக்கு வரமாட்டா. கல்யாணத்துக்குப் பதினோரு நாளு இருக்கு." கோமதி என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை. பிரேயர்ல பேசுன பையனைப் பாக்குற பார்வை. சட்டையை மாட்டிக்கிட்டு, லேப்டாப் பையைத் தூக்கிக்கிட்டு அப்பவே பஸ் ஏறிட்டேன்.

வத்தல் மண்டிக்குள்ள போயிருக்கீங்களா அண்ணாச்சி? போகாதீங்க. வாசல்லயே எனக்குத் தும்மல் பிடிச்சுட்டு. உள்ள மூட்டை மூட்டையா சிவப்பா அடுக்கி இருக்கு, நடுவுல பெரியப்பா விசிறியோட உக்காந்துருக்காரு. அவருக்கு ஒரு தும்மல் இல்ல.

"பெரியப்பா, அது அகர வரிசை"ன்னேன். தும்மல். "யாரையும் கூட்டிக் குறைச்சு வைக்கல"ன்னேன். ரெண்டு தும்மல். "கம்ப்யூட்டரு அதுவா அடுக்குனது"ன்னேன்.

"அந்தக் கம்ப்யூட்டருக்கு தாய்மாமன்னா யாருன்னு தெரியுமா?"ன்னாரு.

"தெரியாது பெரியப்பா."

"தெரியாத ஆளுகிட்ட ஏன் அந்த வேலையைக் குடுத்தீரு?"

எட்டு வருஷத்துல எத்தனையோ கிளையண்டுகிட்ட பேசியிருக்கேன், இப்படி ஒரு கேள்வி யாரும் கேட்டதில்ல. மறுபடியும் தும்மல்தான் வந்துச்சு. அவரே ஒரு துண்டை எடுத்துத் தந்தாரு. "காப்பி குடிச்சிட்டுப் போரும். கல்யாணத்துக்கு நான் வரல"ன்னாரு. கோவத்துலயும் காப்பி குடுக்காரு பாருங்க, நல்ல மனுஷன். ஆனா பேரு விஷயத்துல இப்படி. எனக்குச் சிரிப்பா இருந்துச்சு. ஒரு பேரு முந்தி வந்தா என்ன, பிந்தி வந்தா என்ன? மனுஷன் இதுக்கெல்லாமா மனசு விட்டுப் போவான்?

வெளிய வந்து எதுத்தாப்புல டீக்கடை பெஞ்சுல உக்காந்தேன். சும்மா அவரு பேரை மேல ஏத்திரலாம், ஒரு நிமிஷ வேலை. ஏத்துனா அடுத்து அய்யாத்துரை, "முதல்ல இருந்த என்னை ஏன் இறக்குன?"ம்பாரு. அவரைச் சரிக்கட்டுனா மாமாவோட அக்கா வீட்டுக்காரரு. அப்புறம் செல்வியோட பெரியத்தை. எழுபத்தோரு பேருக்கும் ஒரு நியாயம் இருக்கும்லா.

அப்பத்தான் அந்த யோசனை வந்துச்சு. இதை நான் சொன்னா நீங்க எழுந்திருச்சு நிப்பீங்க, பஸ்ஸு ஆடுது, உக்காந்தே கேளுங்க. எல்லாரும் ஒரே பத்திரிகையை ஏன் பாக்கணும்? ஆளுக்கு ஒரு லிங்க். அவங்கவங்க போன் நம்பரை வச்சு. வேலாயுதம் திறந்தா முதல் பேரு வேலாயுதம். அய்யாத்துரை திறந்தா முதல் பேரு அய்யாத்துரை. ஹன்சிகா அம்மா திறந்தா ஹன்சிகா. எழுபத்தோரு பத்திரிகை, எழுபத்தோரு முதல் பேரு. அச்சகத்துக்காரனால இதைப் பண்ண முடியுமா? நான் ஒரு டீ, ரெண்டு வடையில முடிச்சேன்.

லேப்டாப்பை மூடிட்டு மறுபடியும் மண்டிக்குள்ள போயி, "பெரியப்பா, இப்பத் திறந்து பாருங்க"ன்னேன். கண்ணாடியை மாட்டுனாரு. நாதஸ்வரம் கேட்டுச்சு. "வேலாயுதம், தாய்மாமா, வத்தல் மண்டி உரிமையாளர், விளாத்திகுளம்." முதல்ல. தடிச்ச எழுத்துல. அவரு முகத்துல அப்படி ஒரு வெளிச்சம் அண்ணாச்சி. எடை போடுற ஆளைக் கூப்பிட்டுக் காட்டுனாரு, மூட்டை தூக்குறவங்களைக் கூப்பிட்டுக் காட்டுனாரு. என் தோளைத் தட்டி, "தப்புன்னு தெரிஞ்சதும் திருத்துறான் பாரு, அவன்தான் மனுஷன்"ன்னாரு. நான் தும்முனேன்.

அப்புறம் பத்து நாளும் எனக்கு ராஜ மரியாதைதான். எழுபத்தோரு பேரும் தனித்தனியா போன் பண்ணுதாங்க. எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுதாங்க. "செந்தூர்பாண்டி, என் பேரை முதல்ல போட்டுட்டீரே, மத்தவங்க வருத்தப்படப் போறாங்கய்யா." நான், "உங்களுக்குப் போடாம வேற யாருக்குப் போடுறது?"ம்பேன். "சரி, சரி, நான் யார்கிட்டயும் காட்டிக்கிட மாட்டேன்"ம்பாங்க. மாமா வீட்டுல மட்டன் குழம்புல எனக்கு நல்லி எலும்பா விழுந்துச்சு. "மருமகன் ஏதோ பண்ணிச் சரிக்கட்டிட்டாரு"ன்னு மாமாவே ஒருத்தர்கிட்ட சொன்னதை நான் கேட்டேன். கோமதி மட்டும், "என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. "தொழில் ரகசியம்"னுட்டேன். இந்தத் தடவை காதுல ஒண்ணும் மாட்டல.

கல்யாணத்தன்னைக்கு. முகூர்த்தம் ஒன்பதுல இருந்து பத்தரை. காலைப் பந்தி ஏழரைக்கே போட்டாச்சு. பொங்கல், வடை, கேசரி. நான் தண்ணி பாட்டில் வச்சுக்கிட்டே வாரேன். திரும்பிப் பாத்தா, பந்தியில யாரோ விவரம் தெரியாத ஆளு அய்யாத்துரையையும் வேலாயுதம் பெரியப்பாவையும் பக்கத்துப் பக்கத்துல உக்கார வச்சுட்டான். ஒருத்தரு கிழக்கே பாக்காரு, ஒருத்தரு மேற்கே பாக்காரு. சரி, சாப்பிட்டு எந்திரிச்சிருவாங்கன்னு நினைச்சேன்.

அய்யாத்துரை அந்தப் பக்கத்து ஆளுகிட்ட போனை எடுத்து நீட்டுதாரு. "இதைப் பாத்தீங்களா? முதல் பேரு யாருதுன்னு பாருங்க. நான் ஒண்ணும் கேக்கல, அவங்களாத்தான் போட்டுருக்காங்க."

பெரியப்பா கை பொங்கல்ல அப்படியே நின்னுட்டு. இடது கையால பைக்குள்ள இருந்து போனை எடுத்தாரு. நாதஸ்வரம் கேட்டுச்சு. திரும்பினாரு. பதினோரு வருஷம் கழிச்சு அவரு பேசுன முதல் பேச்சு அண்ணாச்சி: "அய்யாத்துரை, அந்தப் போனை இங்க கொண்டாரும்."

ரெண்டு போனையும் ரெண்டு இலைக்கும் நடுவுல வச்சாங்க. குனிஞ்சாங்க. அப்புறம் எதுத்த வரிசையில மாமாவோட அக்கா வீட்டுக்காரரு எட்டிப் பாத்துட்டு அவரும் எடுத்தாரு. அவருக்கு அடுத்தவரு எடுத்தாரு. பந்தி முழுக்க இலைக்குப் பக்கத்துல போனு. நாப்பது நாதஸ்வரம் ஒரே நேரத்துல வாசிக்கு. மேடையில இருந்த நிஜ நாதஸ்வரக்காரரு வாசிக்கறதை நிறுத்திட்டு எட்டிப் பாக்காரு. மணி எட்டு. பெரியப்பா இலையை மூடிட்டு எந்திரிச்சாருன்னா செல்விக்கு மாலை போட ஆளு இல்ல.

"செந்தூர்பாண்டி, இங்க வாரும்."

போனேன். கோமதியும் வந்துட்டா, மாமாவும் வந்துட்டாரு, அத்தை தூணுக்குப் பின்னால நிக்காங்க.

"வேலாயுதம், நம்ம ரெண்டு பேரையும் சேத்து ஏமாத்திருக்கான்"னாரு அய்யாத்துரை.

"நம்ம ரெண்டு பேரை மட்டுமா? ஊரையே"ன்னாரு பெரியப்பா. ரெண்டு பேரும் ஒரே பக்கம் திரும்பி என்னைப் பாத்தாங்க. எனக்கு அந்த நேரத்துலயும் தோணுச்சு, ஏதோ ஒரு விஷயத்துல ஒத்துப் போயிட்டாங்களேன்னு.

பெரியப்பா போனைத் தள்ளித் தள்ளிப் பட்டியலைக் கீழ வரைக்கும் பாத்தாரு. மறுபடியும் மேல போனாரு. "எல்லாரையும் முதல்ல போட்டுட்டீரு. சரி. உம்ம பேரை எங்க? எந்தப் போன்லயும் இல்லையேய்யா?"

பந்தி முழுக்க தேடுச்சு. இல்ல. அடியில அந்தச் சின்ன எழுத்து 'உருவாக்கம்' வரி இருக்கு, ஆனா பட்டியல்ல எழுபத்தோரு பேருல என் பேரு கிடையாது.

"நான் எதுக்கு பெரியப்பா? கட்டுனவன் பேரு எதுக்கு?"ன்னு சொல்லிச் சிரிச்சேன். சிரிக்கும்போது கண்ணுல தண்ணி வந்துட்டு. கொஞ்சம் முந்தித்தான் கேசரி சாப்பிட்டேன், அதுல முந்திரி கிடந்துச்சு. முந்திரி தொண்டையில சிக்குனா அப்படித்தான் வரும்.

டைப் அடிச்ச அன்னைக்கே பாத்தேன் அண்ணாச்சி. வாடகைக்கு இருக்கிற டெய்லரு பேரு இருக்கு, எல்.கே.ஜி. பிள்ளைக பேரு இருக்கு, மூத்த மருமகன் பேரு இல்ல. சரி, பொட்டிக்குள்ள இருக்குறவன்தானேன்னு நினைச்சிருப்பாங்க. போய்க் கேக்கலாம். கேட்டா பேருக்கு அலையுதான்னு நினைப்பாங்க. அதான் கேக்கல. அதுக்கும் நான் அகர வரிசை போட்டதுக்கும் சம்பந்தமே கிடையாது. அகர வரிசை போட்டது ஒழுங்குக்காக. ஒரு மணி நேரம் சும்மா உக்காந்துருந்துட்டு அப்புறம்தான் போட்டேன். கோவத்துல பண்ணுறவன் உடனே பண்ணியிருப்பான்லா?

கோமதிதான், "பேரு இல்லையா? அம்மா எழுதுனதை எங்க, காட்டுங்க"ன்னு என் போனைப் பிடுங்குனா. அந்த நோட்டுப் போட்டோவைத் திறந்து பெருசு பண்ணா. ரெண்டாவது நம்பரு, வேலாயுதம், தாய்மாமா. மூணாவது, மாமாவோட அக்கா வீட்டுக்காரரு. ஒண்ணாவது நம்பருக்கு நேரா ஒண்ணும் இல்ல. ஒரு கோடு மட்டும் நீளமா இழுத்துருக்கு. எழுபத்திரெண்டு நம்பரு, எழுபத்தோரு பேரு.

தூணுக்குப் பின்னால இருந்து அத்தை பேசுனாங்க. என்கிட்ட நேரடியாப் பேசமாட்டாங்க, தூணுகிட்டதான் பேசுனாங்க. "மூத்த மாப்பிள்ளை பேரை நான் எப்படி எழுதுவேன்? இத்தனை வருஷத்துல வாயால ஒருநாள் சொன்னதில்ல. அதான் முதல்ல இடம் விட்டு, கோடு போட்டுக் குடுத்தேன். அவங்களே எழுதிக்கிடுவாங்கன்னு இருந்தேன்."

அந்தக் கோட்டை நான் பாக்கலன்னு பொய் சொல்லமாட்டேன் அண்ணாச்சி. பாத்தேன். எங்க தொழில்ல காலி வரியைப் பாத்தா முதல் வேலையா அதைத் தூக்கணும். தூக்கிட்டேன்.

பெரியப்பா அந்தப் போட்டோவையே பாத்துக்கிட்டு இருந்தாரு. இப்ப அவருக்குத் தெரிஞ்சு போச்சு, தங்கச்சி பட்டியல்ல அவரு ரெண்டாவதுதான். எந்திரிக்கப் போறாருன்னே நினைச்சேன்.

"சரியாத்தான் எழுதியிருக்கா"ன்னாரு. "ஆம்பளப் பிள்ளை இல்லாத வீட்டுல மூத்த மாப்பிள்ளைதான் மகன். மகனுக்கு அப்புறம்தான் மாமன். என் தங்கச்சிக்குத் தெரிஞ்சது ஒருத்தனுக்கும் தெரியல." சொல்லிட்டு இலைக்குத் திரும்பி, "அய்யாத்துரை, அந்தச் சட்னியைத் தள்ளும்"னாரு. அவரு தள்ளுனாரு. சுவரு கேஸ் இன்னும் நடக்கத்தான் செய்யுது. ஆனா இப்ப கோர்ட்டுக்கு ரெண்டு பேரும் ஒரே பைக்ல போறாங்களாம்.

முகூர்த்தம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு. பெரியப்பா மாலை போட்டு, செல்வி கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாரு. மாமா தென்காசி சம்பந்திகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போயி நிறுத்தி, "இவரு என் மூத்த மருமகன் செந்தூர்பாண்டி"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. கம்ப்யூட்டர் பத்தி ஒரு வார்த்தை வரல.

மத்தியானம் மண்டபத்துலயே ஒரு ஓரமா லேப்டாப்பைத் திறந்தேன். கோமதி பக்கத்துல நின்னா. ஒண்ணாவது வரியில என் பேரை அடிச்சேன். அவ, "செந்தூருக்கும் பாண்டிக்கும் நடுவுல இடம் விடாதீங்க"ன்னா. "இடம் விடுறது உங்க அம்மா வேலை, என் வேலை இல்ல"ன்னேன். எட்டு வருஷத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. அத்தை எழுதுன வரிசையிலயே எல்லாரையும் வச்சேன். இப்ப யாரு போன்ல திறந்தாலும் ஒரே வரிசைதான். யாரும் ஒரு வார்த்தை சொல்லல.

அந்தா பாருங்க, விருதுநகர் வந்துட்டு. கல்யாணம் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு. வழக்கமா இந்த மாதிரி பக்கத்தை ஒரு வாரத்துல எடுத்துருவேன், சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கும்லா. இதை எடுக்கல. புதுக் கிளையண்டுக்குக் காட்ட வேண்டியது இருக்கு. இப்ப யாரும் அதைத் திறக்குறது இல்ல, கணக்குல பாத்தா தெரியும், ஒரு நாளைக்கு நாலஞ்சு வாட்டி ஒரே ஒரு ஆளுதான் திறக்கான். அது நான்தான் அண்ணாச்சி. வேலைக்கு நடுவுல திறந்து, முதல் வரியை மட்டும் பாத்துட்டு மூடிருவேன். சர்வர் ஒழுங்கா ஓடுதான்னு பாக்கணும்லா.